கட்டமைப்பை மாற்றுமுன் சங்கம் ஆயத்தமா?

கல்முனைக்குத் தெற்கே உள்ள ஒரு கமக்காரர் சங்கத்தின் கட்டடத்துக்குச் சில வருடங்களுக்கு முன் போயிருந்தோம். உள்ளே நுழைந்ததும் சுவரில் பெரிய படம் ஒன்று தெரிந்தது. மேலே பொதுச்சபை, அதன் கீழே நிருவாக சபை, அதற்கும் கீழே ஐந்து பெட்டிகள்: விதைப் பிரிவு, கடன் பிரிவு, இயந்திரப் பிரிவு, நெற் கொள்வனவுப் பிரிவு, பயிற்சிப் பிரிவு. பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறிகள். ஒரு மூலையைக் கரையான் அரித்திருந்தது. அந்தப் படத்தை வரைந்து கொடுத்தவர்கள் நாம்தான்.

யுத்தம் முடிந்து, இடம்பெயர்ந்திருந்த குடும்பங்கள் மேற்கே இருக்கும் தமது வயல்களுக்கு மீண்டும் போகத் தொடங்கிய காலம் அது. உதவி வழங்கும் நிறுவனம் ஒன்று சூடடிக்கும் இயந்திரமும் விதைநெல்லுக்கு முதலும் தருவதாகச் சொல்லியது. ஆனால் சங்கம் ஒரு தொழில் நிறுவனம் போல் பிரிவுகளாக அமைய வேண்டும், அதற்கான திட்டத்தை மூன்று மாதத்துக்குள் எழுதித் தரவேண்டும் என்பது நிபந்தனை. நாம் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை நடத்தினோம். மதியச் சாப்பாடு நல்லாயிருந்தது. படமும் அழகாக வந்தது.

அடுத்த அறுவடைக்கு நாம் போனபோது இயந்திரம் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. திறப்பு பொருளாளரிடம் இருந்தது. பொருளாளர் கொழும்பில் இருந்தார். வாடகை எவ்வளவு என்று தீர்மானிக்க வேண்டியவர் இயந்திரப் பிரிவின் தலைவர். அவரே கடன் பிரிவுக்கும் தலைவர். விதைநெல் கடனாகப் போயிருந்தது, ஆனால் யார் எத்தனை மூடை எடுத்தார் என்று எழுதியிருக்கவில்லை. பெட்டி ஐந்து, ஆள் இரண்டு. அங்கே பல காலம் வட்டவிதானையாக இருந்த பெரியவர் ஒருவர் சுவரைக் காட்டிக் கேட்டார்: "தம்பிமாரே, நீங்க வரைஞ்ச இந்தப் படத்தில வயல் எங்க இரிக்கி?"

அந்தக் கேள்விக்கு எம்மிடம் அன்று பதில் இருக்கவில்லை. இக்கட்டுரை அதனால்தான் எழுதப்படுகிறது. இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களின் சங்கங்களிடம் இன்றும் யாராவது வந்து, "உங்கள் அமைப்பை மாற்றுங்கள், கம்பனியாக்குங்கள், பிரிவுகளாக்குங்கள்" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாற்றுவது பிழையல்ல. மாற்றத்தைத் தாங்கச் சங்கம் ஆயத்தமாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை என்பதே பிழை.

பெரிய பாங்குகளிலும் காப்புறுதிக் கம்பனிகளிலும் இதற்கென்றே ஒரு துறை உண்டு. வணிகக் கட்டமைப்பு என்று அதனைச் சொல்கிறார்கள். நிறுவனம் யாருக்கு எதைக் கொடுக்கிறது, அதைக் கொடுக்க என்னென்ன திறமைகள் வேண்டும், எந்த வேலையை யார் செய்கிறார், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு என்ன தகவல் போகவேண்டும் என்பதையெல்லாம் ஒரே படத்தில் கொண்டுவருவது அது. ஒரு கமக்காரர் சங்கத்துக்கும் இது பொருந்தும். விதையிலிருந்து ஆலை வரை நெல் போகும் பாதையில் எத்தனையோ கைகள் இருக்கின்றன. ஆனால் அந்தத் துறையில் அனுபவமுள்ளவர்கள் படம் வரைய அவசரப்படுவதில்லை. பொறுப்பிலுள்ளவர்கள் உடன்படுகிறார்களா, இப்போது நடக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று தெரியுமா, மாற்றத்தைச் சுமக்க ஆளும் நேரமும் உண்டா என்று முதலில் பார்க்கிறார்கள். ஆயத்தமில்லாத இடத்தில் வரைந்த படம் சுவரிலேயே இருந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். எமக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

வயற்காரருக்கு மேலிருந்து வந்த அமைப்புகள் புதியவையல்ல. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய விதானை முறைக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. 1972இல் விவசாய உற்பத்திக் குழுக்கள் வந்தன. 1979இல் கமநல சேவைகள் சட்டம் வந்தது. 1991இல் செய்யப்பட்ட திருத்தம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் அதற்குப் பின்னர் வந்தது. கூட்டுறவுத் துறையில் 1970களின் தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறிய சங்கங்கள் நானூறுக்கும் குறைவான பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றிணைக்கப்பட்டன. கணக்கு வைக்க முடியாத சிறு சங்கங்களைப் பலப்படுத்துவதே நோக்கம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் நேற்றுவரை தனது ஊரின் சங்கமாக இருந்தது நகரத்திலுள்ள ஒரு பெரிய சங்கத்தின் கிளையாக மாறியதை அங்கத்தவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்ற கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை. இத்தனை மாற்றங்களுக்கும் நடுவே எமது பகுதியில் வட்டவிதானை என்ற பெயர் மட்டும் வழக்கொழியவில்லை. தண்ணீரைத் திறப்பவர் யார் என்பது கமக்காரருக்குத் தெரிந்தே இருந்தது.

இதற்கு மாறான உதாரணம் ஒன்று எமது மாவட்டத்திலேயே உண்டு. அதனை விரிவாகச் சொல்ல வேண்டும்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. இடதுகரை வாய்க்கால்கள் 42,000 ஏக்கருக்கு என்றே கணக்கிடப்பட்டன. நடைமுறையில் 65,000 ஏக்கர் அளவுக்கு அதே நீரை நம்பிப் பயிர் செய்யப்பட்டது. முப்பது வருடத்தில் கதவுகள் உடைந்து, வயல் வாய்க்கால்களில் புல்லும் மண்ணும் நிறைந்தன. தலைப்பகுதியில் உள்ளவர் வேண்டியமட்டும் எடுத்தார். கடைப்பகுதியில் உள்ளவர் இரவில் மண்வெட்டியோடு காவலிருந்தார். தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர், கடைப்பகுதியில் தமிழ் பேசுவோர். நாட்டிலேயே ஒழுங்குபடுத்தக் கடினமான நீர்ப்பாசனத் திட்டம் இதுதான் என்று அதிகாரிகளே கருதினார்கள்.

அமெரிக்க உதவியுடன் வாய்க்கால்களைப் புனரமைக்கத் திட்டமிட்டபோது, கமக்காரரை அமைப்பாக்கும் பொறுப்பு கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகத்திடமும் கோர்னெல் பல்கலைக்கழகத்திடமும் வந்தது. அவர்கள் யாப்பு எழுதவில்லை, தலைவர் செயலாளர் தெரிவு நடத்தவில்லை. 1981 மார்ச் மாதத்தில் இளம் அமைப்பாளர்களைக் கிராமங்களில் குடியிருக்க அனுப்பினார்கள். அந்த இளைஞர், யுவதிகளின் முதல் வேலை வீடு வீடாகப் போய்க் கேட்பது. உங்கள் வாய்க்காலில் எத்தனை பேர்? தண்ணீர் எந்த நாள் வரும்? எங்கே அடைத்திருக்கிறது? யாரோடு யார் பேசுவதில்லை? இதன் பிறகே ஒரு வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்து இருபது பேரை ஒன்றாக இருத்தினார்கள். அவர்கள் ஒரு வேலையைத் தாங்களே தெரிந்து, செய்து முடித்த பின்னர்தான், எல்லோரும் உடன்பட்ட ஒருவரைப் பிரதிநிதியாக வைத்துக்கொண்டார்கள். பிரதிநிதிக்குச் சம்பளம் கிடையாது.

அந்த வருடம் சமுத்திரத்தில் கால்பங்கு அளவுக்கே நீர் இருந்தது. வேலையைத் தொடங்கக் கூடாத வருடம் என்று யாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் சில வாரங்களுக்குள், பல வருடம் கைபடாத வயல் வாய்க்கால்கள் சிரமதானமாகத் துப்புரவு செய்யப்பட்டன. முறைவைத்து நீர் பாய்ச்சினார்கள். தங்களுக்கு வந்த நீரில் மிச்சம்பிடித்துக் கீழே விட்டார்கள். சிங்களக் கமக்காரர் விட்ட நீர் தமிழ்க் கமக்காரரின் வயலுக்குப் போனது. நாட்டில் இனக்கலவரத்தின் புகை ஏற்கெனவே எழுந்திருந்த வருடம் அது என்பதை மறக்கக்கூடாது.

மேல்தட்டு அமைப்பு அதன் பிறகே வளர்ந்தது. வயல் வாய்க்கால் குழுக்களின் பிரதிநிதிகள் சேர்ந்து கிளை வாய்க்கால் அமைப்பு. அதற்கு மேல் பிரதேச சபை. அதற்கும் மேல் அதிகாரிகளும் கமக்காரரும் சேர்ந்திருந்த திட்டக்குழு. நான்கு தட்டுகள். படமாக வரைந்தால் எமது சுவர்ப்படத்தைவிடச் சிக்கலானது. ஆனால் ஒவ்வொரு பெட்டியும் வரையப்படுமுன்னே அதன் வேலை நடந்துகொண்டிருந்தது.

குறையே இல்லை என்று சொல்லமாட்டோம். அமைப்பாளர்களுக்கு நிரந்தர நியமனம் கொடுக்கப்படவில்லை. ஆசிரியர் வேலை போன்ற நிரந்தர உத்தியோகம் கிடைத்ததும் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். அவர்கள் போனபின் எல்லாம் கரைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களும் இருந்தார்கள். 1997 சிறுபோகத்தில் அதற்கு விடை வந்தது. நெற்செய்கைக்கு நீர் போதாது என்று சொல்லப்பட்டிருந்தும், இடதுகரைக் கமக்காரர் இருந்த நீரைப் பங்கிட்டு ஏறத்தாழ 65,000 ஏக்கரிலும் பயிர் செய்து, வழமையைவிட நல்ல விளைச்சல் எடுத்ததாக அந்த முயற்சியில் தொடக்கத்திலிருந்தே ஈடுபட்ட பேராசிரியர் நோமன் அப்ஹொப்பும் விஜயரத்னவும் பதிவு செய்திருக்கிறார்கள். பதினாறு வருடத்துக்கு முன் புல் வெட்டிய கைகளின் பழக்கம் அது.

இனி உங்கள் சங்கத்துக்கு வருவோம். ஆயத்தத்தை அளக்கப் பெரிய படிவம் தேவையில்லை. ஏற்கெனவே நடக்கும் சில சாதாரண காரியங்களைப் பார்த்தாலே போதும்.

முதலில் அங்கத்தவர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இடம்பெயர்ந்தோரின் சங்கத்துக்கு எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். 1985இலும் 1990இலும் நடந்த வன்செயல்களில் முஸ்லிம் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் வயலை விட்டு ஓடின. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோர ஊர்களில் வீட்டோடு காணி உறுதியும் சங்கக் கொப்பியும் போயின. பழைய பட்டியலை அப்படியே பிரதி செய்து வைத்திருக்கும் சங்கங்கள் இன்னும் உண்டு. அதில் இறந்தவர் இருப்பார், வெளிநாட்டில் இருப்பவர் இருப்பார், காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வயற்பக்கமே வராதவரும் இருப்பார். உண்மையில் சேற்றில் இறங்குபவரின் பெயர் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. எமது கரையோரத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது முஸ்லிம்களிடத்திலும் தமிழரிடத்திலும் பழைய வழக்கம். உறுதி மனைவியின் பெயரில் இருக்க, சங்கப் பட்டியலில் இருப்பது கணவனின் பெயர். அவர் யுத்தத்திலோ சுனாமியிலோ இறந்துவிட்டால், காணிக்குச் சொந்தக்காரியான பெண்ணே சங்கத்துக்கு வெளியே நிற்கிறாள். ஒரு ராத்தா எம்மிடம் சொன்னது நினைவிருக்கிறது: "வயல் எண்ட, தண்ணி கேக்க மட்டும் தம்பிய அனுப்பணும்." பட்டியலைத் திருத்தாமல் பிரிவுகள் அமைத்தால், இந்த அநியாயம் புதிய பெட்டிகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

காணி இன்னும் கையில் கிடைக்காதவர்களை என்ன செய்வது? இதில் எமக்குள்ளேயே ஒரே கருத்து இருக்கவில்லை. கல்லோயாவைப் போல் வாய்க்காலை அடிப்படையாகக் கொண்டு அமைத்தால், வயலுக்குப் போக முடியாதவர் தானாகவே வெளியே போய்விடுவார். அப்படி விடக்கூடாது என்பதே எமது தீர்ப்பு. அவர்களுக்குத் தண்ணீர் முறை பற்றிய வாக்கு இப்போது இல்லாவிட்டாலும் பரவாயில்லை; பெயரும், காணி இருக்கும் கண்டமும், அது எந்த வாய்க்காலில் இருக்கிறது என்பதும் பட்டியலில் இருக்கவேண்டும். அயலில் பயிர் செய்தவர்களின் கையெழுத்தும் பக்கத்தில் இருக்கட்டும். காணி விசாரணை என்று ஒரு நாள் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது அந்தப் பக்கத்துக்கு ஒரு மதிப்பு உண்டு.

அடுத்தது புத்தகமும் திறப்பும். கடந்த மூன்று மாதத்து வரவு செலவை இப்போதே, இந்த இடத்திலேயே, பொருளாளர் அல்லாத ஒருவர் வாசித்துக் காட்ட முடியுமா? முடியுமானால் நல்லது. முடியாவிட்டால் கடன் பிரிவு என்ற பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் வாங்குங்கள். தலைவர் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டால் எந்த வேலை நின்றுபோகும் என்று கேளுங்கள். எல்லாமே நிற்கும் என்றால் உங்களிடம் இருப்பது சங்கமல்ல, ஒரு நல்ல மனிதர். நல்ல மனிதர் இருப்பது பாக்கியம். அவருக்குக் கீழே ஐந்து பெட்டி வரைந்தால் அவருக்கு ஐந்து சுமை.

சங்கம் எதற்காக என்று பத்து அங்கத்தவரைத் தனித்தனியே கேட்டுப் பார்ப்பதும் பயனுள்ளது. ஒருவர் உரமானியத்துக்கு என்பார், ஒருவர் தண்ணீருக்கு என்பார், ஒருவர் நிவாரணத்துக்கு என்பார். சுனாமிக்குப் பின் உதவிகள் சங்கங்கள் ஊடாக வந்ததால் நிவாரணம் என்ற பதில் இன்னும் பலமாக இருக்கிறது. பதில்கள் வேறுபடுவதில் பயமில்லை. நிவாரணம் என்ற பதில் மட்டுமே வந்தால், இயந்திரமும் ஆலையும் நடத்தும் அமைப்புக்கு அந்தச் சங்கம் இன்னும் தயாரில்லை.

பிணக்கு வந்தால் எங்கே தீர்க்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். சங்கக் கூட்டத்திலா, பள்ளிவாசலிலா, பொலிசிலா? பள்ளிவாசலிலோ கோயிலிலோ பெரியவர்கள் தீர்த்துவைத்தால் அது குறையல்ல. புதிய அமைப்பில் அதற்கும் ஓர் இடம் இருக்கட்டும். இல்லாதது போல் படம் வரைவதுதான் குறை.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். விதைப்புக் காலத்திலும் அறுவடையிலும் யாரும் எதற்கும் ஆயத்தமில்லை. வெள்ளிக்கிழமை முற்பகலில் கூட்டம் வைத்துவிட்டு "மக்களிடம் ஆர்வம் குறைவு" என்று அறிக்கை எழுதியவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

இவற்றைப் பார்த்தபின், சங்கம் இன்னும் ஆயத்தமில்லை என்று தெரிந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு போகத்துக்கு ஒரு வேலையை மட்டும் எடுங்கள். ஒரு வயல் வாய்க்காலைத் தூர்வாருவது போதும். யார் வந்தார், யார் வரவில்லை, தேநீருக்கு என்ன செலவானது என்று எழுதுங்கள். போகம் முடிந்ததும் அதைச் சத்தமாக வாசியுங்கள். வராதவர் ஏன் வரவில்லை என்பதைப் போய்க் கேளுங்கள். சிலவேளை அவர் வயலுக்கு அந்த வாய்க்காலில் தண்ணீரே வருவதில்லை என்பது அப்போதுதான் தெரியவரும். இந்த ஒரு வேலையில், சொன்னதைச் செய்பவர் யார், எழுதக்கூடியவர் யார், கோபத்தைத் தணிக்கக்கூடியவர் யார் என்று வெளிப்பட்டுவிடும். பிறகு பெட்டிகளுக்கு ஆள் தேட வேண்டியிருக்காது. படம் வரைவதானால் முதலில் வயலையும் வாய்க்காலையும் வரையுங்கள். அதன்மேல் விதை வரும் வழியையும் நெல் போகும் வழியையும் காசு கைமாறும் இடங்களையும் குறியுங்கள். காசு கைமாறும் இடத்திலெல்லாம் ஒரு புத்தகம் இருக்கவேண்டும். பெட்டிகள் ஆட்களின் தொகைக்கு மேல் போகவேண்டாம்.

உதவி தருபவர் காத்திருப்பாரா என்று கேட்பீர்கள். எழுத்தில் கேட்டுப் பாருங்கள்: இந்தப் போகம் வாய்க்கால் வேலையும் கணக்கும், அடுத்த போகம் இயந்திரம் என்று. சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர் பணத்தை அடுத்த ஊருக்குக் கொண்டுபோனார்கள். கையில் ஒன்றுமில்லாத குடும்பங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது இலேசான காரியமல்ல, நிற்கச் சொன்ன எமக்கும் ஏச்சு விழுந்தது. ஆனால் மரத்தடியில் துருப்பிடித்த இயந்திரத்தின் மீதிக் கடனை வருடக்கணக்கில் கட்டிய குடும்பங்களையும் பார்த்தோம்.

நாம் படம் வரைந்த சங்கத்தில் அந்த இயந்திரத்தைப் பின்னர் ஒரே வாய்க்காலைச் சேர்ந்த கமக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். திறப்பு இரண்டு வீடுகளில் இருக்கிறது. வாடகைக் கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு இயந்திரத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இயந்திரம் எந்த வயலில் நிற்கிறதோ அந்த வயற்காரர் முன்னிலையில் அதை எழுதவேண்டும் என்பது ஒழுங்கு. சங்கம் முழுவதற்கும் இன்னும் பிரிவுகள் இல்லை. கடைசியாக நாம் போனபோது சுவரிலிருந்த படத்தைக் கழற்றித் திருப்பி ஒட்டியிருந்தார்கள். வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் வட்டவிதானையின் மகள் அந்தப் போகத்துத் தண்ணீர் முறையை எழுதியிருந்தார், வாய்க்கால் வாரியாக, நாளும் நேரமும் போட்டு.